முதுகில் ஒரு மீன்கொத்தி

அத்தியாயம் 5

"விசாரணையெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அவன்தான் பண்ணான்னு கூட்டத்துல நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, போதும்."

மாஸ்டர் எங்களை வரவேற்ற அழகு இது. உட்காரக்கூடச் சொல்லவில்லை. அறையில் நான்கு நாற்காலிகள் இருந்தன. நான்கிலும் ஓட்டப்பந்தயக் கோப்பைகள் சொகுசாக வீற்றிருந்தன. அக்காவுக்கு முழங்கால் வலி. அவர் ஒரு கோப்பையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாஸ்டருக்கு முகம் கடுகடுவென்று ஆனது. நான் நின்றுகொண்டேன். எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது, அதை அப்படியே வைத்திருக்க ஆசை.

அக்கா இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தவர். ஓடாத லாரி மோதியதையும் இல்லாத கடை எரிந்ததையும் கேட்டுக் கேட்டு அவருக்கு மனித வர்க்கத்தின் மேலேயே ஒரு சலிப்பு. இப்போது ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். முன்பு மெக்கானிக் ஷெட்டில் இருந்ததால் எல்லோரும் என்னைக் கூப்பிடுவது ஸ்பேனர் என்று.

மாஸ்டர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் எல்லையில் ஒரு மைதானம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு விடுதி என்று வைத்துக்கொண்டு ராணுவத்தில் சேர விரும்பும் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். வாசலில் ஆளுயர போர்டு. 'எங்கள் மாஸ்டர் பார்த்து அனுப்பிய ஒருவர்கூட மருத்துவப் பரிசோதனையில் திரும்பியதில்லை.' போன வாரம் வரை அது உண்மை. போன வாரம் திரும்பி வந்தது மாஸ்டரின் சொந்தப் பையன்.

ஓட்டத்தில் முதல், எழுத்துத் தேர்வில் முதல். கடைசியாக மருத்துவ முகாம். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, திரும்பச் சொல்லி, முதுகைப் பார்த்தார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் பச்சை குத்தியிருந்தது. அதோடு சரி, போய் வா தம்பி என்றுவிட்டார்கள்.

"எனக்கே தெரியாதுன்னு பையன் சத்தியம் பண்றான். முகாமுக்கு முந்தின ராத்திரி விடுதியில எல்லாரையும் ஒண்ணா படுக்க வச்சிருந்தேன், காலையில வேன்ல ஏத்தணும்னு. அன்னைக்கு ராத்திரி ஏணி இவனுக்குப் பால்ல எதையோ கலந்து கொடுத்திருக்கான். மயக்கத்துல இருந்தவன் முதுகுல குத்தியிருக்கான். ஏணிக்கு அந்த வேலை தெரியும். பச்சை குத்துற கடையில இருந்தவன்" என்றார் மாஸ்டர்.

ஏணி என்பது அந்தப் பயிற்சி மையத்திலேயே உயரமான பையன். மாஸ்டர் மகனுக்கு அடுத்ததாக வந்தவன். அவன் தேர்வாகிவிட்டான். அன்று சாயங்காலம் அவனுக்கு ரயில். அதற்குள் போலீஸில் புகார் பதிவானால் அவனுக்கு வேலை போச்சு, வழக்கு உள்ளவனை ராணுவம் வாசலிலேயே நிறுத்திவிடும். இதெல்லாம் மாஸ்டருக்கு அத்துப்படி. புகாரை வாங்கிக்கொள்ள, அன்று மதியம் நடக்கிற பெற்றோர் கூட்டத்துக்கே இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஏதோ தலைமை விருந்தினர் வருவதைப் போலச் சொன்னார்.

முந்தின ராத்திரிதான் நடந்தது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று அக்கா கேட்டார். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. முகாமுக்கு முன்னால் ஒவ்வொரு பையனையும் அவரே தலை முதல் கால் வரை சோதித்துப் பார்ப்பாராம். இது இந்த மையத்தின் வழக்கமாம். அன்று தன் மகனையும் வரிசையில் நிறுத்தித்தான் பார்த்தாராம்.

"முதுகு துடைச்ச கண்ணாடி மாதிரி இருந்தது. நான் பார்த்ததுக்கும் டாக்டர் பார்த்ததுக்கும் நடுவுல இருந்தது ஒரே ஒரு ராத்திரி. கணக்கு சரியா இருக்கா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அக்கா எழுந்து சுவரில் இருந்த படத்தின் முன்னால் போய் நின்றார். ஆளுயர மனித உருவம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உடம்பு முழுக்கச் சிவப்பு அடித்திருந்தது. இடது கையில் மட்டும், முழங்கைக்குக் கீழே உள்பக்கமாக, ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை நிறம். பச்சை குத்துவது என்றால் அந்த ஒரு சாணுக்குள்தான் குத்தலாம். வலது கை சல்யூட் அடிக்கிற கை, அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. மற்ற இடங்களில் சட்டைக்குள் மறைந்திருந்தாலும் ஆகாது.

நான் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். என் நெஞ்சில் ஒரு பெயர் குத்தியிருக்கிறேன். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரிக்கு இப்போது இரண்டு குழந்தைகள், வேறொருவர் மூலமாக.

"நல்லவேளை அக்கா, நான் ராணுவத்துக்குப் போகல" என்றேன்.

"ராணுவத்துக்கும் நல்லவேளைதான்" என்றார் அக்கா, படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மாஸ்டர் மகனைக் கூட்டி வந்தார்கள். பத்தொன்பது வயது. வாட்டசாட்டமான உடம்பு, வாயில் மட்டும் பூட்டு. கேட்டதற்கெல்லாம் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். சட்டையைக் கழற்றித் திரும்பினான்.

மீன்கொத்தி. நான்கு விரல் அகலத்தில், தண்ணீரை நோக்கிப் பாயப் போகிற மாதிரி. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. அலகின் நுனி ஊசி மாதிரி இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு வெளிச்சம்கூட விட்டிருந்தான் குத்தினவன். நான் கைப்பேசியில் கிட்டத்தில் வைத்து நான்கைந்து படம் எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "உனக்கு ஒருத்தன் மேல வயித்தெரிச்சல். அவனை ராணுவத்துல சேர விடக்கூடாது. எங்கே குத்துவே?"

"நெத்தியில."

"ஏன்?"

"வேலையும் போகணும், கல்யாணமும் நடக்கக்கூடாது. செய்யறதைத் திருந்தச் செய்யணும் இல்ல?"

"அதேதான். படத்துல உடம்பு பூரா சிவப்பு. கழுத்து இருக்கு, கன்னம் இருக்கு, சல்யூட் அடிக்கிற கை இருக்கு. எதிரிக்கு எங்கே வேணும்னாலும் குத்தலாம். இவன் பனியன் போட்டா மறையுற இடமாப் பார்த்துக் குத்தியிருக்கான். நாளைக்கு இந்தப் பையன் பேங்க் வேலைக்குப் போகலாம், பொண்ணு பார்க்கப் போகலாம், ஒருத்தரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. ராணுவத்துல மட்டும்தான் சேர முடியாது. இவ்வளவு அக்கறையான எதிரியை நான் பார்த்ததே இல்ல."

மெயின் ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கும் ஒரு பல் டாக்டருக்கும் நடுவில் இருந்தது பச்சை குத்துகிற கடை. கடைக்காரருக்குக் கழுத்து வரைக்கும் பாம்பும் பூவுமாக இருந்தது. நாங்கள் குத்திக்கொள்ள வரவில்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. மாஸ்டரின் ஆட்கள் நேற்றே வந்து கதவை உதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்ணாடியில் விரிசல் விட்டிருந்தது. நீங்களும் உதைக்க வந்தீர்களா என்று கேட்டார். எங்களுக்கு முழங்கால் வலி என்றேன்.

படங்களைக் காட்டினேன். அவர் வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். படத்தைப் பெரிதாக்கி இறகு இறகாகப் பார்த்தார்.

"இது என் கை இல்ல" என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. "ஏணி கையும் இல்ல. அந்தத் தடிமாடு ஒரு வருஷம் இங்கே கூட்டிப் பெருக்கினான். ஒரு நேர்கோடு போட வராது. மிஷினைக் கொடுங்கண்ணே, கொடுங்கண்ணேன்னு நச்சரிச்சு தன் கையில தானே ஒரு நட்சத்திரம் குத்திக்கிட்டான். போய்ப் பாருங்க, மிதிபட்ட மாதிரி இருக்கும்."

எப்போது குத்தியிருப்பார்கள் என்று அக்கா கேட்டார். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். இதுகூடத் தெரியாமல் என்ன துப்பறிகிறீர்கள் என்ற பார்வை. புதிதாகக் குத்தின இடம் முதலில் வீங்கும், பிறகு பொருக்குத் தட்டும், பிறகு வெயிலில் காய்ந்த தோல் மாதிரி உரியும் என்று விளக்கினார். இந்த முதுகில் அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. குறைந்தது ஒரு மாதம்.

"ஒரு வாரம் இருக்காதா?" என்றேன்.

"ஒரு வாரம்னா சட்டை போட முடியாம கத்திக்கிட்டு இருப்பான். அது மட்டும் இல்ல. இதை யாரோ ரொம்ப நல்லாப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஒரு இடத்துலகூடச் சொறிஞ்ச தடம் இல்ல, சாயம் விட்டுப் போகல. காலையிலயும் சாயங்காலமும் கழுவி, மெல்லிசா மருந்து தடவினாத்தான் இப்படி ஆறும். நான் சொன்னா எவன் கேக்குறான்? மூணாம் நாளே கிரிக்கெட் ஆடப் போயிடுறானுங்க."

திரும்பும்போது ஸ்கூட்டரில் நான் வெற்றி வீரனாக வந்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு மாதம் முதுகில் மீன்கொத்தியை வைத்துக்கொண்டு ஒருவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பையனுக்கு ராணுவம் என்றால் பயம். அப்பாவிடம் சொல்லவும் பயம். தானே போய்க் குத்திக்கொண்டு, பழியை ஏணி தலையில் போட்டுவிட்டான். பயந்தாங்கொள்ளி என்றேன். அக்கா பின்னால் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்தார். அவர் பேசாமல் வந்தால் நான் பாதிதான் சரி என்று அர்த்தம்.

ஏணியை விடுதியின் சாமான் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். வாசலில் இரண்டு பேர் காவல். போலீஸ் வரும்வரை யாரும் பார்க்கக்கூடாது, மாஸ்டர் உத்தரவு என்றார்கள். பூட்டி வைப்பதற்குத் தனிச் சட்டப்பிரிவு இருக்கிறது, உங்கள் இரண்டு பேருக்கும் ராணுவத்தில் சேரும் ஆசை இருக்கிறதா என்று அக்கா அமைதியாகக் கேட்டார். சாவி தானாக வந்தது.

உள்ளே தாண்டுகிற வேலிகளுக்கும் கிழிந்த மெத்தைகளுக்கும் நடுவில் ஏணி மடங்கி உட்கார்ந்திருந்தான். உதட்டில் வெட்டு. எங்களைப் பார்த்ததும் "நீங்களும் அடிக்கப் போறீங்களா?" என்றான். நான் அவன் இடது கையைத் திருப்பிப் பார்த்தேன். அனுமதிக்கப்பட்ட ஒரு சாணுக்குள், ஒழுங்காக, ஒரு நட்சத்திரம் இருந்தது. கடைக்காரர் கொஞ்சம் தாராளமாகத்தான் பேசியிருந்தார். மிதிபட்ட நட்சத்திரம் இதைவிட நன்றாக இருக்கும்.

இந்தக் கையால் அந்த மீன்கொத்தி? என் தலையில் அடித்துச் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

அவன் கோபமாகத்தான் பேசினான். மாஸ்டர் மகனும் அவனும் ஒரே அறையில்தான் இருந்தார்களாம், ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதமாம். ஒரு மாதத்துக்கு முன்னால் திடீரென்று மாஸ்டர் மகன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். சத்தான சாப்பாடு வேண்டும் என்று அப்பா கூப்பிட்டாராம். மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த வீட்டில் அப்பாவும் பிள்ளையும் மட்டும்தான், பெண்கள் இல்லை. அதற்குப் பிறகு அவன் காலைப் பயிற்சியில் பனியனைக் கழற்றவே இல்லை. மற்ற எல்லோரும் வெற்று உடம்போடு ஓடும்போது அவன் மட்டும் பனியனோடு ஓடினான். குளியலும் வீட்டில்தான்.

"மாஸ்டர் ஒண்ணும் சொல்லலையா? பனியனோட ஓடினா விடுவாரா?" என்றார் அக்கா.

"எங்களை விட மாட்டார். அவனை ஒண்ணும் சொல்லல."

"முகாமுக்கு முன்னாடி உங்களையெல்லாம் வரிசையா நிறுத்திப் பார்த்தாரே, அவனையும் பார்த்தாரா?"

ஏணி யோசித்தான். எல்லோரையும் கொட்டகையில் வைத்துப் பார்த்தாராம். தன் பையனை மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போதுகூட அவன் குரலில் சந்தேகம் இல்லை. மாஸ்டர் சொன்னால் அவனுக்கு அது வேதம். தன்னைப் பூட்டி வைத்த ஆள்மேல் அவனுக்கு இன்னும் கோபம் வரவில்லை, அந்த ஆளை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் வருத்தம். எனக்கு அவனைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. இவ்வளவு நல்லவனாக இருந்தால் ஊர் ஏறி மிதிக்காமல் என்ன செய்யும்?

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பச்சை குத்துகிற கடைக்கே திருப்பி அனுப்பினார். கடைக்காரரைக் கையோடு கூட்டி வர வேண்டும். அவர் வர மாட்டார் என்றேன். உடைந்த கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்று இன்ஸ்பெக்டர் முன்னாலேயே கேட்கலாம் என்று சொல், வருவார் என்றார். வந்தார், வழி முழுக்க என் ஸ்கூட்டரையும் என் ஓட்டுதலையும் திட்டிக்கொண்டே.

கொட்டகை நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர்கள். பாதிப் பேர் பையன்களைப் புதிதாகச் சேர்க்க வந்தவர்கள். பக்கத்தில் பையன்கள் அரைக்கால் சட்டையோடு ஒரே வரிசையாக நின்றார்கள், கடைசியில் மாஸ்டர் மகன். மேடை ஓரத்தில் இன்ஸ்பெக்டர், அவர் பக்கத்தில் ஏணி. ஏணியின் அம்மா முன் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், வேலை உடையோடு அப்படியே ஓடி வந்திருந்தார். அவருக்கும் யாரும் நாற்காலி தரவில்லை. திருடன் அம்மாவைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் பார்த்தார்கள்.

மாஸ்டர் பேசினார். நாடு, மானம், துரோகம் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டார். என் மகனையே அனுப்பத் துணிந்தவன் நான், உங்கள் மகன்களை அனுப்ப நீங்கள் ஏன் தயங்க வேண்டும் என்றார். பலத்த கைதட்டல். பிறகு அக்காவை அழைத்தார்.

அக்கா ஏணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் எப்படிச் சோதித்துப் பார்ப்பார் என்பதை இங்கே வந்தவர்கள் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டுமே, புதிதாக வந்தவர்களுக்கும் நம்பிக்கை பிறக்கும் என்றார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பனியன்கள் கழன்றன. நான் ஒத்துக்கொள்ள வேண்டும், மனுஷனுக்குத் தொழில் கைவந்திருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார். தோளைப் பிடித்து ஒரு சுழற்று. பிறகு உள்ளங்கையை இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் அழுத்தி வைத்து, ஒரு தள்ளு தள்ளிக் குனிய வைத்தார். அங்கிருந்து முதுகெலும்பு வழியாக விரலை இறக்கினார். ஒருவனையும் விடவில்லை. கடைசி ஆளுக்கு முன்னால் வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி" என்றார் அக்கா.

"அவனை அன்னைக்கே பார்த்தாச்சு."

"இதே மாதிரியா?"

"இதே மாதிரிதான். பெத்த பையன்னு சலுகை காட்டுறவன் இல்ல நான்."

"முதுகுல இப்படிக் கையை வச்சுத்தான் குனிய வச்சீங்க?"

"ஆமாங்கிறேன்ல."

"அப்போ அங்கே ஒண்ணும் இல்ல."

"எத்தனை தடவை சொல்றது? துடைச்ச கண்ணாடி."

அக்கா கையைக் காட்டினார். பச்சை குத்துகிற கடைக்காரர் பின் வரிசையில் இருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மாஸ்டர் மகனைத் திருப்பி நிறுத்தினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கட்டை விரலால் தேய்த்தார். இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு கொட்டகைக்கே கேட்கிற மாதிரி, இது குத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, எந்தக் கடைக்குப் போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள் என்றார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. மாஸ்டருக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. அவர் சட்டென்று தன் மகன் பக்கம் திரும்பினார்.

"நீயே குத்திக்கிட்டியாடா? பயந்து போய் நீயே குத்திக்கிட்டு என்கிட்டேயே நாடகம் ஆடினியா?"

கை ஓங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து பிடித்துக்கொண்டார். பெற்றோர்கள் த்சொ த்சொ என்றார்கள். நான் ஸ்கூட்டரில் சொன்ன கதை அப்படியே மேடையேறியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அக்கா பையனுக்குப் பக்கத்தில் போனார். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"தம்பி, அந்த இடத்துக்கு உன் கை எட்டாது. ஒரு மாசம் காலையிலயும் சாயங்காலமும் யாரு மருந்து தடவினா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை.

"அப்பாதான்" என்றான்.

வாய்ப்பூட்டு திறந்ததும் அவனுக்கு நிறுத்த முடியவில்லை. "எனக்குப் போகணும்னுதான் இருந்தது. அப்பா அழுதாரு. ராத்திரி பூரா அழுதாரு. பஸ்ல ரொம்ப தூரம் கூட்டிக்கிட்டுப் போனாரு. எங்கே குத்தணும்னு அவர்தான் விரல் வச்சுக் காட்டினாரு. படத்தை மட்டும் உனக்குப் பிடிச்சதா எடுத்துக்கோன்னாரு. ஏணி பேரைச் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். யார் பேரையாவது சொல்லித்தான் ஆகணும்னாரு."

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. முந்தின ராத்திரி, முந்தின ராத்திரி என்று நாங்கள் சுமந்து திரிந்ததற்கு ஒரே சாட்சி மாஸ்டரின் வாய்தான். துடைச்ச கண்ணாடி என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் அந்த ராத்திரியே கிடையாது. ஏணியும் கிடையாது. இப்போது எல்லோருக்கும் முன்னால், மீன்கொத்தி இருக்கிற அதே இடத்தில் கையை வைத்தும் காட்டிவிட்டார், கவனிக்கவில்லை என்று தப்பிக்க முடியாதபடி.

மாஸ்டர் மேடை விளிம்பில் உட்கார்ந்தார். மீசை இருந்தது, ஆளைக் காணோம். எங்களைப் பார்த்து வெளியே போங்க என்றார். யாரும் போகவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு ஒரே பையன்."

இரண்டாவது வரிசையில் ஒரு அப்பா எழுந்தார். பெரிய உடம்பு, கையில் சேர்க்கைக்காகக் கொண்டுவந்த பை. "எங்களுக்கு மட்டும் என்ன, கடையில வாங்கினதா?" என்றார். போய் வரிசையில் இருந்த தன் பையனைக் கையைப் பிடித்து இழுத்தார். அவன் வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ மாஸ்டரை அசிங்கமாகத் திட்டினார்கள். மாஸ்டர் மகன் அப்பாவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான், சட்டையில்லாமல், மீன்கொத்தி எங்கள் பக்கமாகத் தெரிய.

இன்ஸ்பெக்டர் ஏணியின் தோளைத் தட்டி நீ போகலாம்டா என்றார். புகார் கொடுக்க ஆள் இல்லை, அவருக்கும் அடுத்த வேலை இருந்தது. ஏணி அசையவில்லை. அவன் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டு வெட்டு இப்போதுதான் வலிக்கத் தொடங்கிய மாதிரி நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அவன் அம்மா நேராக மாஸ்டர் முன்னால் போனார். காலில் கிடப்பதைக் கழற்றுவார் என்று நினைத்தேன். மனசார எதிர்பார்த்தேன் என்றே சொல்லலாம். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அங்கே என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நீங்க சொன்னீங்கன்னு நம்பித்தான் விட்டேன். உங்க பையன் போக வேண்டாம்னுட்டீங்க. என் பையன் போகலாமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடுறேன்."

இழுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றார்கள். இத்தனை வருஷம் இதே மேடையில் நின்று, போ, போ என்று ஆயிரம் பேரை அனுப்பின வாய் அது. மாஸ்டர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்தம்மா காத்திருந்தார்.

ஏணி வந்து அம்மாவின் கையைத் தொட்டான்.

"போறது நான். அவர்கிட்ட எதுக்கும்மா கேக்குற? ரயிலுக்கு நேரமாச்சு."

சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் கொட்டகையை விட்டு வெளியே நடந்தான். அம்மா மட்டும் மாஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் பையன் பின்னால் ஓடினார்.